போனில் எடிட் செய்தால் போதுமா?

“ஃபோட்டோ எடிட் பண்ண எந்த ஆப் நல்லது?” என்று கேட்காதவர்கள் இன்று குறைவு. கேமரா வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கிடைத்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்வதையெல்லாம் இப்போது போனிலேயே செய்துவிடலாமே என்ற எண்ணமும் அதன் பின்னால் இருக்கிறது. பெரும்பாலான படங்களுக்குச் செய்துவிடலாம். சில படங்களுக்கு முடியாது. அந்தச் சில படங்கள்தான் ஒரு குடும்பம் ஐம்பது வருடம் பத்திரமாக வைத்திருக்கப்போகிற படங்கள். அதனால் எது எங்கே போதும், எது எங்கே போதாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

போனுக்குச் சக்தி போதாது என்பது பழைய கதை. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப்பை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர்களுக்காக வெளியிட்டது. அன்றைய அந்தக் கம்ப்யூட்டர்களில் நினைவகம் சில மெகாபைட்தான். திருத்தங்களைத் தனித்தனி அடுக்குகளாக வைக்கும், இன்று எல்லோரும் சாதாரணமாகப் பேசும் லேயர் வசதியே 1994-இல் வந்த 3.0 பதிப்பில்தான் சேர்ந்தது. இப்போது நம் சட்டைப்பையில் இருக்கும் சுமாரான போனில்கூட அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலான நினைவகம் இருக்கிறது. கருவிகளும் ஒவ்வொன்றாகப் போனுக்கு வந்து சேர்ந்துவிட்டன. 2011-இல் நிக் சாஃப்ட்வேர் வெளியிட்ட ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் ஆப்பை அடுத்த வருடமே கூகுள் வாங்கி, ஆண்ட்ராய்டிலும் இலவசமாகக் கொடுத்தது. 2007-இல் கம்ப்யூட்டருக்கு வந்த அடோபியின் இன்னொரு எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம், 2014-இல் ஐபேடுக்கும் பிறகு போன்களுக்கும் வந்தது. ஃபோட்டோஷாப்பே 2019-இல் ஐபேடுக்கும் 2025-இல் ஐஃபோனுக்கும் வந்துவிட்டது. ஸ்லைடர்களை எண்ணிப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் தொடங்குவது நாம் ஆப்பைத் திறப்பதற்கு முன்னால்.

போனில் பட்டனை அழுத்தும் நொடியில் நடப்பது ஒரு படம் எடுக்கும் வேலை மட்டும் அல்ல. இன்றைய போன்கள் அடுத்தடுத்துப் பல ஃபிரேம்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சராசரி பார்த்து, படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் குறைக்கின்றன. இருட்டான பகுதிகளைத் தூக்கி, வெளிச்சமான பகுதிகளை அடக்கி, ஓரங்களைக் கூர்மையாக்கி, வானத்துக்கு நீலம் சேர்த்து, முகத்தைத் தனியாகக் கண்டுபிடித்து அதற்கு வேறு கணக்குப் போடுகின்றன. 2018-இல் கூகுள் பிக்சல் போன்களில் வந்த நைட் சைட்டும், 2019-இல் ஐஃபோனில் வந்த டீப் ஃப்யூஷனும் இந்த வழியில் வந்தவைதான். இருட்டில் கையில் பிடித்தபடியே தெளிவான படம் எடுக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் லென்ஸைவிட இந்தக் கணக்குகள். சின்ன சென்சாரை வைத்துக்கொண்டு பெரிய கேமராவின் வேலையை வாங்குகிற இந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் இதன் விளைவு என்னவென்றால், கேலரியில் நாம் திறக்கும் படம் ஏற்கெனவே எடிட் செய்யப்பட்டது. அதன்மேல் நாம் போடும் ஃபில்டர் இரண்டாவது எடிட்.

இரண்டாவது எடிட்டுக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது படத்தின் கோப்பைப் பொறுத்தது. சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான் உண்டு. சென்சார் பதிந்ததை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் கோப்புக்கு ரா என்று பெயர். பெரிய கேமராக்களின் ரா கோப்பு 14 பிட் என்றால் 16,384 படிகள். மண்டபத்தின் மூலையில் இருட்டில் நிற்கும் ஒருவரின் முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஷேடோ ஸ்லைடரை இழுக்கும்போது இந்தக் கணக்கு கண்ணில் தெரியும். ஜேபெக்கில் அந்த இருட்டுப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டவை சில படிகளே. அவற்றை இழுத்து நீட்டினால் நடுவில் ஓட்டை விழும், கன்னத்தில் திட்டுத்திட்டாக நிறம் பிரியும், 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிற ஜேபெக்கின் வழக்கத்தால் கட்டம் கட்டமாகவும் தெரிய ஆரம்பிக்கும். ராவில் அந்த இடத்தில் இன்னும் தகவல் இருக்கும். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சமன்செய்யும் வொய்ட் பேலன்ஸும் அப்படித்தான். ராவில் அது இன்னும் தீர்மானிக்கப்படவே இல்லை. ஜேபெக்கில் தீர்மானித்து முடித்தாகிவிட்டது. ரா என்பது மாவு, ஜேபெக் என்பது சுட்ட தோசை. உப்புக் குறைந்திருந்தால் மாவில் போட்டுக் கலக்கலாம். தோசையின் மேல் தூவத்தான் முடியும்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். முகூர்த்த நேரம். மணப்பெண் அரக்குப் பட்டு உடுத்தியிருக்கிறார். பச்சைக் கரை, அதில் சரிகை. மேலே இருந்து வீடியோக்காரரின் எல்இடி லைட், பின்னால் மேடை அலங்காரத்தின் மஞ்சள் பல்புகள், எதிரே ஹோமப் புகை. போனில் எடுத்த இந்தப் படத்தைப் போன் திரையிலேயே பார்த்தால் அள்ளிக்கொண்டு போகும். சேலை பளீரென்று இருக்கும். அதே கோப்பை ஒரு நல்ல மானிட்டரில் திறந்து, ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் என்று நூறு சதவீதத்தில் வைத்து, பக்கத்தில் ஹிஸ்டோகிராமில், அதாவது எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடத்தில், சிவப்பு சேனலை மட்டும் பாருங்கள். வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அதாவது மடிப்பின் மேடு, மடிப்பின் பள்ளம், நூலின் ஓட்டம் எல்லாமே சிவப்பில் 255 என்ற ஒரே எண்ணாகிவிட்டன. நெசவு போய்விட்டது. சிவப்பும் பச்சையும் சேரும் கரையில் இன்னொன்று தெரியும்: இரண்டு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று லேசாகக் கசிந்திருக்கும். போன்களின் ஜேபெக்கும், ஹெச்இஐசி என்ற புதிய வகைப் படக் கோப்பும் வழக்கமாக வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தை அதில் கால்பங்கு நுணுக்கத்தோடும் மட்டுமே சேமிக்கின்றன. மனிதக் கண் நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை என்பதால் இந்தச் சிக்கனம் பொதுவாக வெளியே தெரியாது. பட்டுச்சேலைக் கரையில் தெரியும். இதன்மேல் ‘விவிட்’ ஃபில்டரையும் போட்டு அச்சடிக்க லேபுக்கு அனுப்பினால், அரக்கு நிறம் தட்டையான குங்குமச் சிவப்பாகி ஆல்பத்தில் உட்கார்ந்துவிடும். சேலை எடுக்க ஒரு நாள் முழுக்கக் கடை ஏறி இறங்கிய குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதைப் போனிலேயே தவிர்க்க முடியாதா என்றால், முடியும். ஆண்ட்ராய்டு 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தும், ஐஃபோன் 2016-இல் வந்த ஐஓஎஸ் 10-இலிருந்தும் ரா எடுக்க வழி கொடுத்துவிட்டன. 2020 கடைசியில் ஆப்பிள் கொண்டுவந்த ப்ரோரா, பல ஃபிரேம்களைச் சேர்க்கும் கணக்கை வைத்துக்கொண்டே எடிட்டிங்குக்கும் இடம் விடுகிறது. போனில் உள்ள லைட்ரூம் இந்தக் கோப்புகளைத் திறக்கும். போன் ராவில் பெரிய கேமராவின் அளவுக்கு ஆழம் இருக்காது, பெரும்பாலும் 10 அல்லது 12 பிட்தான், கோப்பும் கனமாக இருக்கும். ஆனாலும் முக்கியமான நிகழ்ச்சி என்றால் கொஞ்ச நேரம் ராவில் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். அந்த வசதி மெனுவுக்குள் எங்கோ மறைந்திருப்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

அடுத்தது திரை. என்னைக் கேட்டால், போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கிறது.

நல்ல போன்களின் திரை அருமையான திரை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஐஃபோன் 7 காலத்திலிருந்தே ஆப்பிள் போன்கள் பி3 என்ற அகன்ற நிறப் பரப்பைக் காட்டுகின்றன. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்களில்கூட ஓலெட் திரை வந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், அந்தத் திரை நம்மைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சரிசெய்யப்பட்டது. வெயிலில் போனால் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும், இரவில் குறைத்துக்கொள்ளும். சாயங்காலம் ஆனால் கண்ணுக்கு இதமாக என்று மஞ்சளாகிவிடும். ட்ரூ டோன் போன்ற வசதிகள் அறையில் எரியும் விளக்குக்கு ஏற்ப வெள்ளையையே மாற்றிவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் ‘விவிட்’ என்ற நிற அமைப்புதான் வாங்கும்போதே இருக்கும். இப்படி நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற கண்ணாடி வழியாகப் பார்த்து, இந்த முகம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதா என்று எப்படி முடிவு செய்வது? இரவு பத்து மணிக்குப் படுத்துக்கொண்டே எடிட் செய்த படம், மறுநாள் காலை பார்க்கும்போது நீலம் பாரித்துத் தெரிவதன் காரணம் இதுதான். திரை மஞ்சளாக இருந்ததால், அதை ஈடுகட்டக் கை தானாக நீலத்தின் பக்கம் நகர்த்தியிருக்கும்.

கம்ப்யூட்டரில் எடிட் செய்பவர்கள் இதற்காகவே ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்கு 6,500 கெல்வின், திரை வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அறை வெளிச்சம் மாறாமல் ஒரே அளவு. திரையின் மேல் ஒரு சின்ன அளவுமானியை வைத்து நிறங்களை அளந்து, அந்த மானிட்டருக்கான திருத்தக் குறிப்பைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுவார்கள். வெயிலில் ஆயிரம் கேண்டெலாவைத் தாண்டும் போன் திரையில் ‘சரியாக இருக்கிறது’ என்று தோன்றும் படம், காகிதத்தில் இருட்டாக வருவதற்கும் இதுவே காரணம். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, மேலே விழும் வெளிச்சத்தைத்தான் அது திருப்பித் தரும்.

அதற்காகக் கம்ப்யூட்டர் என்றாலே உண்மை பேசும் என்று நம்பிவிடவும் கூடாது. நம் ஊரில் படிப்புக்காக வாங்கும் விலை குறைந்த லேப்டாப்புகள் பலவற்றில் இருக்கும் திரை, எஸ்ஆர்ஜிபி என்ற அடிப்படை நிறப் பரப்பிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். மூடியைக் கொஞ்சம் முன்னே பின்னே சாய்த்தால் வெளிச்சம் மாறும். அப்படிப்பட்ட லேப்டாப்பில் நிறம் பார்ப்பதைவிட, நிற அமைப்பை ‘நேச்சுரல்’ என்று மாற்றி, இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் தானியங்கி வெளிச்சத்தையும் நிறுத்தி, வெளிச்சத்தைப் பாதியில் வைத்த ஒரு ஓலெட் போனில் பார்ப்பது மேல். இதைப் பல கட்டுரைகள் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் என்ற பெயருக்காக அதில் உட்கார வேண்டாம். திரையைப் பார்த்து உட்காருங்கள்.

இனி முகத்தின் நிறம். இந்த விஷயத்தில் என்னால் நடுநிலையாக எழுத முடியாது. பல போன்களின் முன்பக்கக் கேமராவில் முகத்தை அழகாக்கும் வசதி, பெட்டியைப் பிரிக்கும்போதே இயங்கும் நிலையில் இருந்து வந்திருக்கிறது. தோலை மழுமழுவென்று ஆக்கும், தாடையை ஒடுக்கும், நிறத்தை வெளுக்கும். யாரும் கேட்காமலே செய்யும். பத்து வயதுப் பெண் குழந்தை முதன்முதலாக எடுக்கும் செல்ஃபியிலேயே தன் நிறம் இரண்டு படி வெளுத்து வருவதைப் பார்க்கிறது. நாளடைவில் அந்த வெளுத்த முகம்தான் தன் முகம் என்று மனதில் பதிந்துவிடும். இது சாதாரணத் தீங்கு இல்லை.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேபுகளுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் பல ஆண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் ஃபிலிம் சரி. கறுத்த தோல் சேறு பூசினாற்போல வந்ததைப் பற்றிப் பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. பழுப்பு நிறங்களை மேம்படுத்தச் சொல்லி சாக்லேட், மர நாற்காலி விளம்பரக்காரர்கள் தந்த நெருக்கடிக்குப் பிறகே மாற்றம் வேகமெடுத்தது என்று அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். பல நிறத்தவர்களை வைத்த அட்டைகள் வர 1990-கள் ஆயின. கூகுள் தன் பிக்சல் 6 போனில் ‘ரியல் டோன்’ என்று சொல்லி, கறுத்த தோலுக்கான கணக்குகளைத் திருத்தியது 2021-இல்தான்.

கறுத்த முகத்தைத் திருத்தும்போது நடக்கும் தவறு என்ன என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வெளுத்த முகத்தின் வடிவத்தை நிழல்கள் காட்டும். கறுத்த முகத்தின் வடிவத்தைக் காட்டுவது பெரும்பாலும் பளபளப்பு: நெற்றியில் ஒரு கோடு, கன்ன எலும்பின் மேல் ஒரு மினுக்கம், மூக்கு நுனியில் ஒரு புள்ளி. தானியங்கி எடிட்டிங் ஒருபக்கம் முகத்தை மொத்தமாக வெளிச்சமாக்குகிறது, இன்னொருபக்கம் அந்த மினுக்கத்தை எண்ணெய் வழிகிறது என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. மிஞ்சுவது சாம்பல் பூத்த, தட்டையான ஒரு முகம். இதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் மினுக்கத்தை விட்டுவைத்து, முகத்தை மட்டும் மாஸ்க் போட்டுத் தனியாகப் பிரித்து, நடு அடர்த்தியைக் கர்வ்ஸ் என்ற வெளிச்ச வளைகோட்டில் ஒரு மயிரிழை தூக்கி, கறுப்பின் ஆழத்தைத் தொடாமல் விட வேண்டும். சிவப்பும் மஞ்சளும் கலந்த வெதுவெதுப்பு போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஸ்லைடர்கள் போன் லைட்ரூமிலும் இருக்கின்றன, கம்ப்யூட்டரிலும் இருக்கின்றன. ஆனால் போனில் கட்டைவிரலுக்கு முதலில் எட்டுவது ‘ஆட்டோ’ பட்டன். கம்ப்யூட்டரில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாக வைத்து, நடுவில் நிறுத்திப் பார்க்க முடிகிறது. ஸ்டுடியோக்களிலும் ‘கொஞ்சம் கலராக்கித் தாங்க’ என்று கேட்பவர்களும் செய்து கொடுப்பவர்களும் எப்போதும் உண்டுதான். அங்கே குறைந்தபட்சம் ஒரு மனிதர் முடிவெடுக்கிறார், வேண்டாம் என்று சொல்ல நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.

கை என்ற விஷயத்துக்கு வருவோம். ஆறரை அங்குலத் திரையில் விரலை வைத்தால், எதைத் திருத்துகிறோமோ அதையே விரல் மறைத்துவிடும். மவுஸ் முனையும் பேனா முனையும் அப்படி மறைப்பதில்லை. கூந்தலின் ஓரம், மூக்குத்தியின் விளிம்பு, கண்ணாடியின் பிரதிபலிப்பு இவற்றையெல்லாம் போனில் திருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற கதை என்று முன்பு சொல்லலாம். இப்போது அந்த அளவுக்கு இல்லை. வானம், ஆள், பின்னணி என்று தானாகப் பிரித்துத் தரும் வசதி எல்லா நல்ல ஆப்பிலும் வந்துவிட்டது. பின்னால் குறுக்கே போன ஒருவரையோ மின்கம்பியையோ தட்டினால் அழித்துவிடும் மேஜிக் இரேசரை 2021-இல் கூகுள் கொடுத்தது; மற்றவர்களும் அதையே செய்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் ஸ்டுடியோவில் அரை மணி நேரம் பிடித்த வேலை இப்போது அரை நிமிடம்.

ஆனால் இந்த வசதியை ஒரு இடத்தில் மட்டும் மிகவும் யோசித்துப் பயன்படுத்தச் சொல்வேன். வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் நம் ஊரில் அன்று இரவே ஒரு படம் தேவைப்படுகிறது. மாலை போட ஒரு ஃபிரேம் படம், கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு படம். பீரோவைக் குடைந்தால் கிடைப்பது யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் ஃபோட்டோ, அதில் மூன்றாவது வரிசையில் ஒரு முகம். அல்லது ஓரம் செல்லரித்து, பூஞ்சைப் புள்ளி விழுந்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதைப் போனில் படம் பிடித்து, முகத்தைத் தெளிவாக்கும் ஆப்பில் போட்டால் சில நொடிகளில் கண், இமை, பல் எல்லாம் துல்லியமாக வந்துவிடும். பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள்.

அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது? பழைய படத்தில் அந்த முகம் நாற்பது, ஐம்பது பிக்சல்தான் இருந்திருக்கும். அதில் இமை மயிர் இல்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு மென்பொருள், இங்கே இப்படி ஒரு கண் இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகிறது. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய பல்ஸ் என்ற இப்படியான ஒரு மென்பொருளில், மங்கலாக்கிய பராக் ஒபாமாவின் படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரரின் முகம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு இவை எவ்வளவோ முன்னேறிவிட்டன. அடிப்படை மட்டும் மாறவில்லை: இல்லாததை ஊகித்து நிரப்புவதுதான் அவற்றின் வேலை. தாத்தாவின் ஒரு கண் கொஞ்சம் சிறுத்திருந்திருக்கும், மேலுதட்டில் ஒரு தழும்பு இருந்திருக்கும். அவரை அவராக்கிய அந்த அடையாளங்களைத்தான் இந்த ஆப்கள் முதலில் குறை என்று நினைத்துச் சரிசெய்கின்றன. பேரன் பேத்திகள் அதன்பிறகு கும்பிடப்போவது தாத்தாவைப்போன்ற ஒருவரை.

இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யும் முறையே வேறு. பழைய படத்தை ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், ஸ்கேன் செய்கிறார்கள். போனில் படம் பிடித்தால் மேலே லைட் பிரதிபலிக்கும், ஓரம் வளையும், போன் தன் பங்குக்குக் கூர்மையாக்கிவிடும். ஸ்கேனரில் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, பூஞ்சைப் புள்ளிகளையும் கீறல்களையும் மட்டும் ஒவ்வொன்றாக, பக்கத்து இடத்தின் சாயலை எடுத்து மூடுவார்கள். ஹீலிங் பிரஷ் 2002-இல் ஃபோட்டோஷாப் 7-இல் வந்ததிலிருந்து இது எளிதாகிவிட்டது. எல்லாம் தனி லேயரில் நடப்பதால், தப்பானால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு மறுபடி செய்யலாம். கண்ணையும் வாயையும் தொடவே மாட்டார் நல்ல டச்சிங்காரர். மங்கலாக இருந்தால் மங்கலாகவே விட்டுவிடுவார். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவின் மேல் கூர்சீவிய பென்சிலால் டச்சிங் செய்தவர்களிடமிருந்து வந்த பழக்கம் அது. இறந்தவரின் படத்துக்கு நான் இந்த வழியை மட்டும்தான் சிபாரிசு செய்வேன். அவசரத்துக்குப் போனில் ஒன்று செய்துகொண்டாலும், பதினாறாம் நாளுக்குள் நிதானமாக இன்னொன்று செய்து மாற்றிவிடலாம்.

போன் தெளிவாக வெல்லும் இடங்களும் உண்டு, அவை குறைவும் இல்லை. எடுத்த இடத்திலேயே திருத்தி அந்த நிமிடமே அனுப்ப வேண்டிய படத்துக்குப் போனைவிடச் சிறந்த கருவி கிடையாது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைவீரர்களின் அன்றாட வாழ்க்கையைப் புகைப்படக்காரர் டேமன் வின்டர் ஐஃபோனில் ஹிப்ஸ்டமேடிக் என்ற ஆப்பின் வழியாக எடுத்த படங்கள், 2010-இல் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே வந்தன. ஆப் தானாகப் போடும் நிறம் செய்திப் படத்தில் இருக்கலாமா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. இரண்டு வருடம் கழித்து, சான்டி புயலின்போது பென் லோவி ஐஃபோனில் எடுத்த படம் டைம் இதழின் அட்டையில் வந்தது. பார்ப்பவர் போனில்தான் பார்க்கப்போகிறார் என்றால், போனிலேயே திருத்துவதில் கூடுதலாக ஒரு நியாயம் இருக்கிறது: அவர் பார்க்கும் அளவிலேயே நீங்களும் பார்க்கிறீர்கள். கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் இழைத்த நுணுக்கம் ஸ்டேட்டஸில் யாருக்கும் தெரியாது. கிராப் செய்வது, சாய்ந்த அடிவானத்தை நேராக்குவது, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது இவற்றுக்காக லேப்டாப்பைத் திறப்பது வீண் வேலை.

எண்ணிக்கை கூடினால் கதை திரும்பிவிடும். ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் படங்கள் சேரும். அதில் கண் மூடியவை, ஒரே மாதிரியானவை எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்தை ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு படத்தில் செய்த திருத்தத்தை அதே வெளிச்சத்தில் எடுத்த இருநூறு படங்களுக்கு ஒரே தட்டில் பரப்புவது, கீபோர்டில் எண் தட்டித் தேர்வு செய்வது இதெல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் வேகம் போனில் வராது.

கடைசியாக, படம் போகும் வழி. கம்ப்யூட்டரில் அருமையாக எடிட் செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி உழைப்பு வழியிலேயே உதிர்ந்துவிடும். சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் ஏறக்குறைய 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. அதை 12-க்கு 18 அங்குலத்தில் அச்சடித்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது; நல்ல அச்சுக்கு 300 வேண்டும். 2023-இல் வந்த ஹெச்டி வசதி கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அச்சுக்குப் போகிற படத்தை ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புவதுதான் பாதுகாப்பு, கோப்பு அப்படியே போகும். கல்யாண ஆல்பத்தின் 12-க்கு 36 தாள் முழுவதையும் நிரப்ப 10,800-க்கு 3,600 பிக்சல் தேவை, அதாவது ஏறக்குறைய 39 மெகாபிக்சல். 12 மெகாபிக்சல் போன் படம் ஒன்று 13-க்கு 10 அங்குலம் வரை நன்றாக அச்சாகும், அதற்குமேல் இழுக்கக் கூடாது. ஃப்ளெக்ஸ் பேனர் தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் இவ்வளவு கண்டிப்பு அங்கே தேவையில்லை. இதற்கு நேர்மாறு தேர்வு விண்ணப்பங்கள். வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் ஃபோட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். இந்த வேலைக்குப் போன் தாராளமாகப் போதும், பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. அழகாக்கும் ஃபில்டரை மட்டும் நிறுத்திவிட்டு எடுங்கள், தேர்வு மையத்தில் முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லாதவர்களும் அச்சில் நல்ல நிறம் வாங்க ஒரு வழி உண்டு. ஆல்பம் முழுவதையும் லேபுக்குக் கொடுக்கும் முன்னால், அதிலிருந்து மூன்று படங்களை மட்டும் 4-க்கு 6 அளவில் அதே லேபில் அச்சடித்துப் பாருங்கள். ஒன்றில் பட்டுச்சேலை இருக்கட்டும், ஒன்றில் வெள்ளை வேட்டி, இன்னொன்றில் நல்ல கறுத்த முகம் ஒன்று. அவற்றைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, அச்சும் திரையும் ஒன்றுபோலத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் இரண்டும் ஒத்துப்போகிறதோ, அந்த அளவில் வெளிச்சத்தை நிறுத்திவிட்டு மிச்சப் படங்களை எடிட் செய்யுங்கள்.